கொடுத்துவிடுதலும் விட்டுக்கொடுத்தலும்: ஓர் ஆங்கில வினையின் வரலாறு

ஆங்கிலத்தில் 'கிவ்' என்பது கொடுத்தலையும் 'அப்' என்பது மேல்நோக்குதலையும் குறிக்கும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இவ்விரண்டும் இணைந்து 'கிவ் அப்' என்றாகுமிடத்துக் கொடுத்தலும் மங்குகிறது, மேல்நோக்குதலும் மறைகிறது. புகைப்பழக்கத்தை விட்டொழித்தவனும், கற்கத் தொடங்கிய இசையைப் பாதியில் கைவிட்டவனும், காவல் நிலையத்தில் சரணடைந்த குற்றவாளியும், பேருந்தில் முதியவர்க்கு இருக்கை அளித்த இளைஞனும், இனி இவர் பிழையார் என்று நம்பிக்கையிழந்த மருத்துவரும் இந்த ஒரே வினையாற் சுட்டப்படுகின்றனர். போற்றத்தக்க செயலுக்கும் இரங்கத்தக்க செயலுக்கும் இகழத்தக்க செயலுக்கும் சொல் ஒன்றே. நம் பள்ளிகளில் வழங்கும் கையகராதிகள் பெரும்பாலும் 'கைவிடு' என்னும் ஒரு பொருளை மட்டும் தந்து அமைந்துவிடுகின்றன. அவ்வளவில் அமைந்துவிட இயலாத வரலாறு இவ்வினைக்கு உண்டு.

'பிரேசல் வெர்ப்' என்று ஆங்கில இலக்கணத்தார் வழங்கும் தொடர்வினைகள் அம்மொழியில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் மிகப் பழைய எழுத்துச் சான்றுடையவற்றுள் ஒன்று 'கிவ் அப்'. அச்சான்று பன்னிரண்டாம் நூற்றாண்டினது; இங்கிலாந்தின் கிழக்கு நடுப்பகுதியில் அமைந்த பீட்டர்பரோ மடத்தின் ஆண்டுவரிசை வரலாற்றேட்டில் காணப்படுவது.

அந்த ஏட்டின் கதையே தனிச்சுவை உடையது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும், திருச்சபையில் இலத்தீனும் ஆட்சி செலுத்தின. ஆங்கிலத்தில் வரலாறு எழுதும் வழக்கம் மடங்கள் தோறும் அருகி மறைந்தது. பீட்டர்பரோ மடத்தார் மட்டும் விடாது எழுதினர். 1116ஆம் ஆண்டில் மடம் தீக்கிரையாயிற்று. அதன்பின் வேறோர் ஏட்டைப் பெற்றுப் படியெடுத்து, மேற்கொண்டு நிகழ்ந்தவற்றைத் தாமே சேர்த்தனர். 1132 முதல் 1154 வரையிலான இறுதிப் பகுதியைப் பெயரறியாத ஒரு துறவி 1155ஆம் ஆண்டையொட்டி ஒருசேர எழுதி முடித்தார் என்பது அறிஞர் துணிபு. ஸ்டீபன் மன்னனின் ஆட்சியில் நாடு பட்ட துயரைப் பேசும் 1137ஆம் ஆண்டுக் குறிப்பு இப்பகுதியில் பெயர் பெற்றது. இரண்டு ஆயர்களையும் அரசவைச் செயலரான சான்சலரையும் மன்னன் சிறையிலிட்டான், அவர்கள் தங்கள் கோட்டைகளைக் கொடுத்துவிடும்வரை வெளிவிடவில்லை என்னும் செய்தி அங்குத்தான் வருகிறது. கொடுத்துவிட்டனர் என்பதற்குத் துறவி எழுதிய சொற்கள் 'யாவென் அப்' என்பன. இன்றைய 'கேவ் அப்' என்பதன் மூதாதை இது.

நிகழ்ச்சி உண்மையில் நடந்தது 1137இல் அன்று. 1139ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். பல்லாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதிய துறவி, நெடுங்காலத் துயரங்களையெல்லாம் ஓராண்டின் கீழ்த் தொகுத்துவிட்டார். ஒரு சொல்லின் முதலாட்சியை ஆராய்வோர் அச்சொல் பிறந்த சூழலையும் நோக்குதல் வேண்டும். 'யாவென் அப்' என்ற இரு சொற்களுக்குள் துறவி அடக்கிச் சொன்னதை வேறு வரலாற்றாசிரியர்கள் விரித்துரைத்துள்ளனர்.

சால்ஸ்பரி ஆயர் ரோஜர் எளிய குருவாக வாழ்வைத் தொடங்கியவர். வழிபாட்டை வெகுவிரைவில் முடிக்கும் அவரது திறமையே போர்வீரர் சூழ வந்த இளவரசர் ஹென்றியைக் கவர்ந்தது என்று ஒரு பழங்கதை உண்டு. அவ்விளவரசர் முதலாம் ஹென்றி மன்னரானபின் ரோஜர் நாட்டின் கருவூலத்தையும் நிருவாகத்தையும் தம் கையில் வைத்திருந்தார். உடன்பிறந்தார் மக்களுள் அலெக்சாந்தர் லிங்கனுக்கும் நைஜல் ஈலிக்கும் ஆயராயினர். ரோஜர் எழுப்பிய கோட்டைகளுள் டிவைசஸ் கோட்டைக்கு நிகராக ஐரோப்பாவில் வேறில்லை என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஹன்டிங்டன் ஹென்றி வியந்தார். 1135இல் அரியணையேறிய ஸ்டீபன், இவர்கள் தன் போட்டியாளரான பேரரசி மட்டில்டாவுக்கு உள்ளூரத் துணைநிற்பவர்கள் என ஐயுற்றான். 1139 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் அவை கூடியபோது, தங்கும் விடுதி பற்றி ஆயர்களின் ஏவலர்க்கும் பிரித்தானிப் பெருமகன் ஆலனின் ஏவலர்க்கும் கைகலப்பு மூண்டது. அதனையே காரணமாகக் காட்டி மன்னன் ரோஜரையும் அலெக்சாந்தரையும் சான்சலரையும் பிடித்தடைத்தான். நைஜல் மட்டும் தப்பியோடி டிவைசஸ் கோட்டைக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டார்.

சான்சலர் பெயரும் ரோஜர்தான். பீட்டர்பரோத் துறவி அவரையும் ஆயரின் உடன்பிறந்தார் மகன் என்னும் வரிசையிலேயே வைக்கிறார். அவர் ஆயரின் மகன். மணம் மறுக்கப்பட்ட ஆயருக்கு மகன் இருந்ததை மறைக்கத் துறவி விரும்பினாரோ, அவர் கேள்வியுற்றதே அவ்வளவுதானோ, அறியக்கூடவில்லை. சான்சலரின் தாய் ராம்ஸ்பரி மட்டில்டா என்னும் பெண். பேரரசியின் பெயரும் ஸ்டீபனின் மனைவியின் பெயரும்கூட மட்டில்டாவே. இவள் அரசியல்லள், ஆயரின் வாழ்க்கைத் துணையாக, ஊரறிந்தும் பெயர் சொல்லப்படாதவளாக வாழ்ந்தவள். டிவைசஸ் கோட்டையின் நடுக்கோபுரம் அவள் காவலில் இருந்தது.

ஸ்டீபன் கைதிகளோடு கோட்டை வாயிலை அடைந்தான். கோட்டை கைக்கு வரும்வரை ஆயருக்கு உணவில்லை என்றான். சான்சலரைக் கோட்டை வாயிலிலேயே தூக்கிலிடுவேன் என்றான். சான்சலரின் கழுத்தில் கயிறு இடப்பட்டது என்பர் ஹன்டிங்டன் ஹென்றி. கோட்டைக்குள்ளிருந்த நைஜல் அசையவில்லை. மகன் உயிர் போகும் என்று கேட்ட மட்டில்டாவே தன் காவலிலிருந்த கோபுரத்தை மன்னனிடம் ஒப்படைத்தாள், அதன்பின் நைஜலுக்குப் பணிவதன்றி வேறு வழியில்லாது போயிற்று என்று நார்மண்டியில் இருந்து எழுதிய ஓர்டரிக் விட்டாலிஸ் கூறுகிறார். இந்நிகழ்ச்சி பற்றிய அக்காலக் கூற்றுகள் சிற்சில இடங்களில் வேறுபடினும், தாயின் செயலை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் ஓர்டரிக். ஆங்கிலத்தின் பழம்பெருந் தொடர்வினையின் முதலாட்சிக்குப் பின்னே ஒரு தாயின் கை இருக்கிறது. 'அவர்கள் கொடுத்துவிட்டனர்' என்ற துறவியின் பன்மைக்குள் அவள் பெயரின்றிக் கரைந்து போனாள்.

இனி, கோட்டை கொடுக்கப்பட்டதா, பறிக்கப்பட்டதா? இவ்வினா பிற்காலத்தார் கற்பித்ததன்று, அன்றே எழுந்தது. மன்னனின் உடன்பிறந்தவரும் போப்பாண்டவரின் பேராளருமான வின்செஸ்டர் ஆயர் ஹென்றி, 1139 ஆகஸ்டு 29ஆம் நாள் வின்செஸ்டரில் திருச்சபை மன்றத்தைக் கூட்டித் தம் அண்ணனையே விளக்கம் கேட்டார். மன்னன் சார்பில் வழக்குரைக்க வந்தவர் ஆப்ரி டி வியர். கோட்டைகளை மன்னர் வன்முறையாற் பறிக்கவில்லை. அவையில் விளைத்த கலகத்திற்குரிய குற்றச்சாட்டிலிருந்து தப்புவதற்காக ஆயர்களே மனமுவந்து கொடுத்தனர் என்று அவர் வாதிட்டதாக மாம்ஸ்பரி வில்லியம் எழுதிவைத்துள்ளார். கழுத்திற் கயிறிட்டு வாங்கியதை உவந்தளித்த கொடையாக்கும் வழக்குரைஞர் எந்நாட்டிலும் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர். மன்றம் முடிவின்றிக் கலைந்தது. ஆயர் ரோஜர் அவ்வாண்டு டிசம்பரிலேயே இறந்தார்.

வின்செஸ்டரில் பேசப்பட்ட மொழி ஆங்கிலமன்று. ஆயினும் அங்கே எழுந்த வழக்கு 'கிவ் அப்' என்னும் ஆங்கில வினையின் உள்ளே இன்றுவரை தீராத வழக்காக இருந்துவருகிறது. கொடுப்பவனின் விருப்பத்தை அவ்வினை சொல்வதேயில்லை. ஒன்று கைவிட்டுப் போயிற்று, போகச்செய்தவன் அதனை வைத்திருந்தவனே என்ற அளவில் அது நின்றுவிடுகிறது.

வடிவத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பழைய ஆங்கிலத்தில் இத்தகைய பொருள்களைத் தர வினைக்கு முன்னே ஒட்டுகள் சேர்ந்தன. 'ஆ' என்னும் முன்னொட்டுப் பெற்ற 'ஆயீவன்' என்ற வினை ஒப்படைத்தல், திருப்பித் தருதல் முதலிய பொருள்களில் வழங்கியது. காலப்போக்கில் முன்னொட்டுகள் ஒலி தேய்ந்து பொருளிழந்தன. அவற்றின் தொழிலை வினைக்குப் பின்னே தனித்து நிற்கும் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' போன்ற சொற்கள் ஏற்றன. இம்மாற்றத்தில் வடபுலத்து ஸ்காண்டிநேவியரின் மொழிக்குப் பங்குண்டு என்பர் ஒருசாரார். பீட்டர்பரோ டேனியர் சட்டம் வழங்கிய நிலப்பரப்பைச் சேர்ந்தது என்பதும், பழைய நார்சு மொழியில் 'கெஃபா உப்' என்னும் நேர்வடிவம் இருப்பதும் அவர்க்குத் துணை. ஆங்கிலத்திற்குள்ளேயே இப்போக்கு முன்னரே முளைவிட்டிருந்தது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் சேர்ந்தே நிகழ்ந்திருக்கலாம். துறவி எழுதிய வடிவம் யகர ஒலியிற் தொடங்குவது. அதுவே பழைய ஆங்கில ஒலி. இன்று ஆங்கிலேயர் நாவில் ஒலிக்கும் ககர ஒலி ஸ்காண்டிநேவியத் தாக்கத்தால் நிலைபெற்றது என்று அகராதியாசிரியர் கூறுவர். ஆங்கிலேயர் தம் மொழியில் கொடுத்தலைச் சொல்லும்போது, தம் முன்னோரைக் கொள்ளையிட வந்தவரின் ஒலியையே பயன்படுத்துகின்றனர்.

பிரெஞ்சிலிருந்து வந்த சரண்டர், அபாண்டன், ரிசைன், ரினவுன்சு போன்ற சொற்கள் சட்ட ஆவணங்களிலும் உயர்ந்தோர் எழுத்திலும் குடியேறின. 'கிவ் அப்' வீட்டிலும் வீதியிலும் தங்கியது. ஆயினும் ஓரிடத்தில் அதற்கு உயர்பீடம் கிட்டியது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விக்ளிஃப் பெயரால் வழங்கும் விவிலிய மொழிபெயர்ப்பில் இயேசுவின் இறப்பைக் கூற இவ்வினை 'கோஸ்ட்' என்னும் பெயரோடு சேர்ந்து வந்தது. 1526இல் வெளியான டின்டேலின் புதிய ஏற்பாட்டிலும், 1611இல் வெளியான மன்னர் ஜேம்சு பதிப்பிலும் அத்தொடர் நிலைபெற்றது. இங்கே 'கோஸ்ட்' என்பது பேயன்று. உயிர்மூச்சு என்னும் பழம்பொருளுடையது. அச்சொல்லின் பொருள் பின்னர்ப் பேயளவிற் சுருங்கிவிட்டமையால், இன்று பழுதாகி நின்ற மகிழுந்தையும் குளிர்பதனப் பெட்டியையும் கேலியாகக் குறிக்க அத்தொடர் பயன்படுகிறது. சிலுவையடியிற் பிறந்த புகழைப் பழுதுபார்க்கும் கடைவரை கொண்டுவந்து சேர்த்துவிட்டனர். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'விடு' என்னும் வினையை ஆண்டிருப்பது நினைக்கத்தக்கது. உயிர் விடுதல் நம் வழக்கில் முன்பே இருந்ததாகலின் மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கு இடர்ப்பாடு நேரவில்லை.

1755இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு இத்தகைய சிறுசொற்கள் சேர்ந்து பொருள் திரியும் முறையை முகவுரையிலேயே எடுத்துக்கூறினார். அயல்மொழியார்க்குப் பெருந்தொல்லை தருவது இதுவே என்றும், தனிச்சொற்களின் பொருளிலிருந்து நெடுந்தொலைவு விலகியவற்றின் வழியை எத்துணை அறிவாலும் தொடர்ந்து காண இயலாது என்றும் அவர் கருதினார். அங்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் நிறுத்துதல் என்னும் பொருளில் இடம்பெறுவது 'கிவ் ஓவர்' என்பது. 'கிவ் அப்' அன்று. அவர் காலத்தில் பழக்கத்தையோ முயற்சியையோ நிறுத்துவதற்கு 'கிவ் ஓவர்' இயல்பான சொல்லாக இருந்தது. பின்னர் அது வடஇங்கிலாந்தின் பேச்சு வழக்கில் ஒதுங்க, அதன் இடத்தையும் 'கிவ் அப்' பற்றிக்கொண்டது. கோட்டையை மட்டுமே இழந்துவந்த வினை இவ்வாறு புகையிலையையும் மதுவையும் நம்பிக்கையையும் இழக்கத் தொடங்கிற்று.

இவ்வினைகளுக்கு 'பிரேசல் வெர்ப்' என்னும் பெயர் 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலால் பரவியது. அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே குறிப்பிட்டுள்ளார். 1930இல் சி.கே. ஆக்டன் 850 சொற்களே போதும் என்று வகுத்த 'பேசிக் இங்கிலீஷ்' திட்டத்தில் வினைகள் 18 மட்டுமே. பிறவற்றின் வேலையை 'கிவ் அப்' போன்ற கூட்டுகள் செய்யவேண்டும். சொல் குறைந்தது உண்மையே. ஒவ்வொரு கூட்டையும் புதுச்சொல்லாகவே கற்கவேண்டியிருந்தமையால் கற்பவன் சுமை குறைந்ததாகத் தோன்றவில்லை.

'கிவ் இன்' என்பது இதன் உடன்பிறப்பு. பிறர் அழுத்தத்திற்கு வளைந்துகொடுத்தல் 'கிவ் இன்'. தன் பிடியைத் தானே தளர்த்துதல் 'கிவ் அப்'. 1941 அக்டோபர் 29ஆம் நாள் தாம் பயின்ற ஹாரோ பள்ளியில் சர்ச்சில் ஆற்றிய உரையில் வலியுறுத்தியது ஒருபோதும் 'கிவ் இன்' செய்யாதிருத்தலை. மான உணர்வும் நல்லறிவும் ஏவும் இடத்தை அவர் விலக்காகவும் வைத்தார். நம் பள்ளிச் சுவரொட்டிகளில் அது 'கிவ் அப்' என மாறி, விலக்கும் நீங்கி, தன்னம்பிக்கை வாசகமாயிற்று. பகைவனை நோக்கிச் சொன்ன சொல் தேர்வெழுதும் மாணவனை நோக்கித் திரும்பிவிட்டது.

இவ்விரு வினைகளின் வேற்றுமையை ரோசா பார்க்ஸ் வாழ்வு விளக்கியதுபோல் எந்த இலக்கண நூலும் விளக்கவில்லை எனலாம். 1955 டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் மான்ட்கமரி நகரப் பேருந்தில், வெள்ளையருக்காக எழுந்து இருக்கையைக் கொடுத்துவிடுமாறு ஓட்டுநர் ஆணையிட்டார். 42 வயதான அந்தத் தையற்கலைப் பெண் மறுத்துக் கைதானார். தொடர்ந்த பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அவர் 'கிவ் அப்' செய்ய மறுத்த இருக்கை என்றே வரலாற்று நூல்கள் ஒருமுகமாக எழுதுகின்றன. உடல் அயர்ந்திருந்ததனால் எழவில்லை என்று பலர் கூறிவந்ததை, 1992இல் வெளிவந்த தம் வரலாற்றில் அவர் மறுத்தார். தமக்கிருந்த அயர்ச்சி 'கிவ் இன்' செய்து செய்து வந்த அயர்ச்சியே என்பது அவர் தந்த விளக்கம். கோரியவர் வாயில் அது 'கொடுத்துவிடு'. அவர் நெஞ்சில் அது 'வளைந்துகொடு'.

இங்கே தமிழ் தரும் ஒளி சிறிதன்று. நம் மொழியில் 'விடு' என்பது துணைவினையாகி வினைமுடிவைக் காட்டும். தின்றுவிடு, குடித்துவிடு என்பவற்றில் அது செய்யும் தொழிலை ஆங்கிலத்தில் 'அப்' செய்கிறது. அங்கும் உண்ணலும் பருகலும் 'அப்' பெற்று முற்றுப்பெறும். ஆகவே 'கிவ் அப்' என்பதற்கு உறுப்புக்கு உறுப்பு நிகரான தமிழ் 'கொடுத்துவிடு' என்பதே. நெல்லையிலும் மதுரையிலும் ஒருவரிடம் பொருளைத் தந்து அனுப்புவதையும் கொடுத்துவிடுதல் என்பர், அது வேறு. இதனையே முன்பின்னாக மாற்றி 'விட்டுக்கொடு' என்றால் பொருள் முற்றிலும் திரிகிறது. தன் உரிமையெனத் தெரிந்தும் பிறர் பொருட்டுத் தானே தளர்தல் விட்டுக்கொடுத்தல். கொடுத்துவிட்டவன் கையில் பொருள் இல்லை என்பது மட்டுமே தெரியும்; விட்டுக்கொடுத்தவன் மனமும் தெரியும். ஆங்கிலம் ஒரே வினையில் மூடிவைத்த இரண்டையும் தமிழ் சொல் வரிசையாலேயே பிரித்துக்காட்டுகிறது. துறத்தல், கைவிடுதல், சரணடைதல் ஆகியவை இவற்றுக்கு அப்பால் தத்தம் மதிப்போடு நிற்கின்றன. அகராதியில் முதலிற் கண்ட பொருளை எடுத்துப் பெய்யும் மொழிபெயர்ப்பாளர் துறவியைக் கோழையாக்கலாம், தோற்றவனைத் துறவியாக்கலாம்.

2015 மார்ச்சில் இந்திய அரசு, வசதியுடையோர் சமையல் எரிவாயு மானியத்தைத் தாமே விலக்கிக்கொள்ள வேண்டி 'கிவ் இட் அப்' என்னும் பெயரில் இயக்கம் தொடங்கியது. பொருள் குறிக்கும் பெயர் மாற்றுச்சொல்லாயின் அது நடுவேதான் வரவேண்டும் என்னும் ஆங்கில விதிக்கு அத்தலைப்பே நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மானியத்தை விலக்கினர் என அரசு அறிவித்தது. மனமுவந்து செய்தவர்க்கு அது விட்டுக்கொடுத்தல். படிவத்தின் பொருள் விளங்காமல் ஒப்புதல் தந்துவிட்டுப் பின்னர் வருந்தியவர் எவரேனும் இருப்பின் அவர்க்கு அது கொடுத்துவிடுதல். ஆங்கிலப் பெயர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டது.

தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்னும் மூன்றும் முறையே இழிந்தோனும் ஒப்போனும் உயர்ந்தோனும் இரக்கும் சொல் என்று வகுத்தார். டிவைசஸ் வாயிலில் ஸ்டீபன் கூறியது நம் இலக்கணப்படி 'கொடு'. உள்ளிருந்த தாய் தன் மகனுக்காகக் கேட்டிருப்பாளாயின் அவள் சொல் 'ஈ'. இரு சொற்களுக்கும் இடைப்பட்ட அத்தொலைவு பீட்டர்பரோத் துறவியின் ஏட்டில் 'யாவென் அப்' என்று பதிவாகியுள்ளது. அவள் செய்ததற்குத் தமிழில் எழுதுபவர் எவ்வினையை இடுவது? மன்னன் பக்கம் நின்று நோக்கின் கொடுத்துவிட்டாள். நைஜல் பக்கம் நின்று நோக்கின் கைவிட்டாள். மகன் பக்கம் நின்று நோக்கினால், ஆப்ரி டி வியர் பொய்யாகப் பயன்படுத்திய அந்த உவப்பு அவளிடத்தில் மெய்யாகவே இருந்தது; கோபுரம் அவளுக்கு ஒரு பொருட்டன்று. ஆகவே அவளுக்கு மட்டும் 'விட்டுக்கொடுத்தாள்' என்பதும் பொருந்தும்.

பீட்டர்பரோ ஏடு பேராயர் லாடின் தொகுப்போடு சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தை அடைந்து இன்றும் அங்கே உள்ளது; ஆயர்கள் பிடிபட்ட நகரமும் அதுவே. டிவைசஸ் கோட்டை 1645 செப்டம்பரில் மீண்டும் ஒருமுறை, இம்முறை கிராம்வெல்லிடம், ஒப்படைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நாடாளுமன்ற ஆணைப்படி அதனை இடித்துவிட்டனர். இன்று அம்மேட்டில் நிற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டை வடிவில் எழுப்பிய மாளிகை.